எம்எச்370: சிக்னல் நின்றால் யாரோ அணைத்தார்கள் என்றுதான் அர்த்தமா?

எம்எச்370 என்ற மலேசிய விமானம் மாயமானதற்குச் சொல்லும் காரணங்களில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். ராத்திரி வரிசையாக நாலு வீடியோ பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் கேட்ட கேள்வி என்று நினைக்கிறேன். நானும் அந்த ரகம்தான்.

2014 மார்ச் 8, கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் கிளம்பிய போயிங் 777. உள்ளே 239 பேர். அதிகாலை 1.19க்கு விமானி அறையிலிருந்து 'குட் நைட்'. இரண்டே நிமிடத்தில், விமானம் எது, எங்கே என்று ரேடாருக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் நின்றுவிட்டது. "பைலட்தான் அணைத்தார், இதில் என்ன சந்தேகம்?" என்பார் என் மச்சான். இதைக் கேட்டாலே எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

செயற்கைக்கோள் இணைப்புகளைக் கண்காணிக்கும் வேலையில் இருந்தேன். ஒரு நைட் ஷிப்டில் ஒரு லிங்க் செத்தது. நாற்பது நிமிடம் கழித்து அதுவே எழுந்து லாக்-ஆன், அதாவது மறுபடி இணைப்பு, கேட்டது. காலையில் மேனேஜர் வந்தார், "உன் கைதான் பட்டிருக்கும்" என்றார், மெமோ கொடுத்தார். ஒரு வாரம் கழித்துதான் அங்கே பேட்டரி பிரேக்கர் பழுது என்று தெரிந்தது. மெமோவை யாரும் கிழிக்கவில்லை. அந்த வருஷ இன்கிரிமென்டும் போச்சு.

அதனால்தான் என் கண் எப்போதும் 2.25லேயே நிற்கிறது. ராணுவ ரேடாரில் கடைசியாக 2.22க்குத் தெரிந்த விமானம், 2.25க்குச் செயற்கைக்கோளிடம் திரும்ப லாக்-ஆன் கேட்டது. பெரும்பாலும் கரண்ட் போய் வந்தால் வரும் கோரிக்கை அது. ஆனால் கரண்ட்டை யாராவது நிறுத்தினார்களா, தானாகப் போனதா? லாகில் அது இருக்காது.

நான் விமானப் பொறியாளன் இல்லை, கமென்டில் அடிக்க வராதீர்கள். பைலட் வீட்டு சிமுலேட்டரில் தெற்கு இந்தியப் பெருங்கடலை நோக்கி ஒரு பாதை இருந்தது, அது என் வாதத்துக்கு இடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். சரக்கில் இருந்த லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எல்லாத் தொடர்பையும் எரித்த தீ, செயற்கைக்கோளுக்குக் கடைசி சிக்னல் வந்த காலை 8.19 வரை விமானத்தைப் பறக்க விடுமா? காற்றழுத்தம் குறைந்து எல்லோரும் மயங்கினார்கள் என்றால் (2005இல் ஹீலியோஸ் விமானத்தில் அப்படி நடந்தது) விமானத்தை பெய்ஜிங் பாதையிலிருந்து திருப்பி மலாக்கா நீரிணை வழியாக ஓட்டிப் போனது யார்?

2018 மலேசிய அறிக்கை, விமானத்தைத் திருப்பியது ஆட்டோபைலட் அல்ல, கையால்தான் இருக்கும் என்கிறது. மூன்றாம் நபரின் தலையீட்டையும் ஒதுக்கவில்லை. காரணம் தீர்மானிக்க முடியவில்லை என்றே முடித்தார்கள். எங்கள் மேனேஜருக்கு ஒரு வாரம்கூடப் பொறுக்க முடியவில்லை. மெமோவை நீக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன், இன்னும் பதில் இல்லை.