11 நிமிடப் படத்துக்கும் விமர்சனமா?

கேள்வி: எங்கள் திருகோணமலைப் பொடியன்கள் எடுக்கும் குறும்படங்களைப் பற்றி முகநூலில் எழுதிவருகிறேன். குறை சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள், பாராட்டினால் எனக்கே பொய்யாகப் படுகிறது. வளரும் பிள்ளைகளைத் தட்டிக்கொடுக்க வேண்டாமா? – வாசகர் ஒருவர், உப்புவெளி

பதில்: தட்டிக்கொடுங்கள், ஆனால் எதற்காகத் தட்டுகிறீர்கள் என்று தெரிந்து தட்டுங்கள். 'அருமை தம்பி, வாழ்த்துகள்' என்பதைப் படம் பார்க்காமலே எழுதலாம், பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள், எடுத்தவனுக்கும் அது தெரியும்.

போன மாதம் ஒரு டியூட்டரிக் கொட்டகையில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டிக் காட்டிய 11 நிமிடப் படம் ஒன்றைப் பார்த்தேன். கதை, நாம் நூறு தடவை பார்த்த காதல் தோல்விதான். வசனம் பாதி விளங்கவில்லை, கச்சான் காற்று மைக்கில் அடித்த அடி அப்படி. ஆனால் நடுவில் ஓரிடம் வந்தது. கரைவலை இழுத்து முடிந்த பிறகு ஓர் அம்மா மணலில் குந்தியிருந்து, வலைக்கண்ணில் சிக்கிய சின்ன மீன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பொலித்தீன் பைக்குள் போடுகிறார். கமெரா அசையவில்லை, வெட்டவில்லை, முழுதாக ஒரு நிமிடம், பைக்குள் எவ்வளவு சேர்ந்தது என்று நாங்களும் எட்டிப் பார்க்கிறோம். காதலன் காதலி இரண்டு பேரும் எனக்கு மறந்தே போனார்கள். எடுத்தவனிடம் கேட்டால், 'அது சும்மா, இடத்தைக் காட்ட எடுத்தது அண்ணை' என்கிறான். அந்தச் 'சும்மா'தான் உன் படம் என்று அவனுக்கு யாராவது சொல்ல வேண்டுமே, அதைத்தான் நான் எழுதினேன். காதல் கதை எடுபடவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினேன். இரண்டு கிழமை பேசவில்லை. அப்புறம் அவனே கோல் எடுத்து, 'அந்த அம்மாவை வைத்தே ஒன்று எடுக்கவா' என்று கேட்டான்.

ஜோனாஸ் மேக்கஸ் என்று ஒருவர் இருந்தார். லித்துவேனியக் கவிஞர், போரில் அகதியாகி நியூயோர்க்கில் போய்ச் சேர்ந்தவர். 1958 முதல் 'வில்லேஜ் வொய்ஸ்' பத்திரிகையில் சினிமாப் பத்தி எழுதி, கைக்காசில் படம் எடுத்தவர்களுக்காக வரிந்துகட்டி நின்றார். எழுதியதோடு விடவில்லை, 1962இல் நண்பர்களோடு சேர்ந்து அந்தப் படங்களை வாடகைக்கு அனுப்ப ஒரு கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார், 1964இல் ஒரு படத்தைத் திரையிட்டதற்காகக் கைதும் ஆனார். நாங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், கொட்டகையில் நாலு கதிரை தூக்கிப் போட்டாலே போதும்.

கேள்வி: நீங்கள் ஏன் நட்சத்திரம் போடுவதில்லை? – கிண்ணியா வாசகர்

பதில்: டிக்கெட் எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்பவருக்குத்தான் நட்சத்திரம். இந்தப் படங்களுக்கு டிக்கெட்டே இல்லை, பிளேன்டீயும் பணிஸும் கூட அவர்களே தந்தார்கள். இரண்டரை நட்சத்திரம் போட்டு என்ன செய்ய?

கேள்வி: தியேட்டரில் ஓடுவது எல்லாம் சென்னைப் படம். நம்மூர்ப் படத்தைப் பற்றி எழுதி யாருக்கு என்ன பயன்? – மூதூர் வாசகர்

பதில்: 1977இல் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்தில் 'பொன்மணி'யைத் தமிழில் எடுத்தார். அன்று சனம் திரண்டு போய்ப் பார்க்கவில்லை. ஆனால் இன்று இலங்கைத் தமிழ்ச் சினிமா என்று பேச்செடுத்தால் அதைத் தாண்டிப் போக முடிவதில்லை. படம் ஓடி முடிந்த பிறகும் நாலு பேர் அதைப் பற்றிப் பேசி, எழுதிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: கம்பஸில் தொடர்பாடல் படிக்கிறேன். போனில் ஒரு படம் எடுத்திருக்கிறேன், நடித்தது அம்மாவும் தம்பியும். அனுப்பினால் பார்ப்பீர்களா சேர்? – மாணவி, கோணேசபுரி

பதில்: கட்டாயம் பார்ப்பேன் தங்கச்சி, ட்ரெய்லரை விட்டுவிட்டு முழுப் படத்தையும் அனுப்புங்கள். போனில் எடுத்தது ஒரு குறையே இல்லை. சத்தத்தை மட்டும் ஒருக்கால் பாருங்கள், ஏனென்றால் படம் மங்கலாக இருந்தால் சனம் பொறுத்துக்கொள்ளும், வசனம் கேட்காவிட்டால் எழும்பிப் போய்விடும். கடற்கரையில் பேசியது காற்றில் போயிருந்தால், வீட்டில் ஃபேனை நிறுத்தி, மெத்தையைச் சுவரில் சாய்த்துவைத்து, அதே வசனத்தை மறுபடி பேசவைத்துப் பதியலாம். ஆங்கிலத்தோடு சிங்களத்திலும் உபதலைப்புப் போட்டுவிடுங்கள். அப்புறம், கடைசியில் ஓடும் பெயர்களில் அம்மாவை 'நன்றி'க்குக் கீழே போட்டுவிடாதீர்கள், நடிகர்கள் வரிசையில் முதலாவதாகப் போடுங்கள்.