பி.டி. பீரியடில் ஓரமாக உட்காரும் பிள்ளைகளுக்காக ஒரு படிப்பு

வணக்கம் அம்மா. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லித்தரும் படிப்பில்தான் சேருவேன் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள், அதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். இந்தப் படிப்புக்கு ஆங்கிலத்தில் உள்ள 'அடாப்டட் பிசிக்கல் எஜுகேஷன்' என்ற பெயரிலேயே அரசுப் பணியிடம் தேடினால் ஏமாற்றம்தான். எல்லாரும் ஏற்கும் ஒரு பட்டம் முதலில், இந்தத் திறமை அதன்மேல் என்று திட்டமிடுங்கள்.

பிசியோதெரபி நல்ல படிப்பு, ஆனால் அது சிகிச்சை. மைதானம் பிடித்த பெண்ணுக்கு உடற்கல்விதான் பொருந்தும்: ஒரு பட்டம், பிறகு உடற்கல்வி ஆசிரியருக்கான இரண்டாண்டு பி.பி.எட். முடித்தால் சாதாரணப் பள்ளியிலும் வேலை தேடலாம். சென்னை மேலக்கோட்டையூரில் உடற்கல்விக்கென அரசுப் பல்கலைக்கழகமே இருக்கிறது. கோவையில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனத்தில் பொது உடற்கல்வியோடு மாற்றுத்திறனாளிகளுக்கான உடற்கல்விக்கும் சேர்த்து ஒரு புலம் உண்டு, அங்கே விசாரியுங்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் சிறப்பாசிரியர் ஆவதானால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரமும் பதிவும் கட்டாயம். அந்தப் படிப்புக்கு, அந்த அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் பணம் கட்டிவிடாதீர்கள்.

'ஏதோ பந்து உருட்டுகிற வேலை' என்று வீட்டில் சொல்கிறார்களாம். பந்துதான், ஆனால் பார்வையற்றவர்களின் கோல்பாலில் அதற்குள் மணி இருக்கும், ஆடுபவர்கள் எல்லாரும் கண்ணை மறைத்துக்கொண்டு காதால் அதைத் தேடுவார்கள். போச்சியா என்ற பந்தாட்டத்தில், கையை வீச முடியாத பிள்ளை ஒரு சாய்பலகை வழியே பந்தை உருட்டிவிடலாம். ஆபத்துகளும் தெரிந்திருக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தெலும்புகளின் மேல்பகுதி இணைப்பு தளர்வாக இருக்கும். டாக்டர் சொல்லாமல் குட்டிக்கரணம் போடவிடக் கூடாது. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, நம் மே மாத வெயிலில் உடம்பு சட்டென்று சூடேறிவிடும். இதெல்லாம் தெரியாத மாஸ்டர், 'நீ உட்கார்ந்து வேடிக்கை பாரு' என்று சொல்லிவிடுவார். இப்போது பல பள்ளிகளில் நடப்பது அதுதான்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இந்தப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்குச் சமமான விளையாட்டு வாய்ப்பைக் கல்வி நிறுவனங்கள் தர வேண்டும் என்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 2020இல் இவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிட உடலுழைப்பைப் பரிந்துரைத்தது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ, மாரியப்பன் என்று நம் ஊர்க்காரர்கள் பதக்கம் வாங்கியதில் எல்லாருக்கும் பெருமை. ஆனால் உங்கள் மகளிடம் வரப்போகிறவர்களில் பெரும்பாலானோர் பதக்கத்துக்காக வர மாட்டார்கள். தினம் ஒரு மணி நேரம் ஆட ஆள் இல்லாமல்தான் வருவார்கள்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிறப்புப் பள்ளிகள் பலவற்றைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. தொடக்கத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். சேர்க்கைக்கு முன் பக்கத்தில் உள்ள சிறப்புப் பள்ளியில் அனுமதி கேட்டு, சில வாரம் விளையாட்டு நேரத்தில் உதவிக்கு அனுப்புங்கள். அப்புறமும் இதுதான் வேண்டும் என்றால் விண்ணப்பம் வாங்கிவிடுங்கள்.