காரைக்குடி பங்களாவில் இரண்டு இலை

"ஒரு குடும்பமே முன்நின்று நடத்தும் சிறிய, விலை கூடிய உணவகத்தில் சாப்பிட்டிருக்கிறீர்களா? கொடுத்த பணத்துக்குத் தகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாப்பிட்டிருக்கிறேன். காரைக்குடியில் 'பங்களா' என்ற இடத்தில். தகும் என்றுதான் சொல்வேன், ஆனால் அந்தத் தீர்ப்பு என்னுடையதல்ல, என் அப்பாவுடையது. அவர் நாக்கை நான் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது.

அப்பா முப்பது வருடத்துக்கு மேல் செட்டிநாட்டு ஊர்களில் கல்யாணச் சமையலுக்குப் போனவர். மேஸ்திரி, அதாவது தலைமைச் சமையல்காரர் இல்லை, மேஸ்திரிக்குக் கையாள். தேங்காய் துருவுவதில் ஆரம்பித்து, அம்மியில் அரைத்து, அடுப்புப் பார்த்து, கடைசிப் பத்து வருடம் குழம்பு கூட்டும் அளவுக்கு வந்தார். கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர் என்று அவர் கை படாத விசேஷ வீடுகள் குறைவு. ஆனால் சமையல் ஆட்கள் சாப்பிடுவது கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான். அதுவும் பாதி நாள் நின்றுகொண்டே. அந்தச் சாப்பாட்டை இலை போட்டு உட்கார்ந்து, வரிசைப்படி பரிமாறி, நிதானமாக அவர் சாப்பிட்டதே இல்லை. அவருக்கு எழுபது வயது முடிந்தபோது இதைச் செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

பங்களா என்பது பெயருக்கேற்ற பழைய பங்களாதான். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் குடும்பம் ஒன்றின் சொத்து. மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி அதை 1990களின் கடைசியில் தங்கும் விடுதியாக மாற்றினார். அந்த வீட்டுச் சமையலே அங்கே பெயர் வாங்கியது. தங்காதவர்களும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போய்ச் சாப்பிடலாம். முன்கூட்டிச் சொல்வது முக்கியம். நேரே போய் உட்கார்ந்து அட்டையைப் பார்த்து 'இது ஒன்று, அது ஒன்று' என்று கேட்கிற இடமாக நினைத்துப் போகாதீர்கள். அன்றைக்கு அந்த வீட்டில் என்ன சமையலோ அதுதான் உங்களுக்கு.

நான் போன் செய்தபோது எத்தனை பேர், சைவமா அசைவமா, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டார்கள். அப்பாவிடம் சொன்னதும் அவர் முகம் மாறியது. "எத்தனை இலைன்னு கேட்டாங்களா? அப்ப சரியாத்தான் இருக்கும் தம்பி" என்றார்.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு என் பதிலே இதுதான். சாதாரண ஓட்டலில் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. அதனால் காலையிலேயே வெங்காயம், தக்காளி வதக்கி ஒரு பெரிய அண்டாவில் மசாலா தயார் செய்து வைத்துவிடுவார்கள். கோழி கேட்டால் அதில் கோழி, நண்டு கேட்டால் அதில் நண்டு. சென்னையில் ஒரு முறை 'செட்டிநாடு' என்று பலகை மாட்டிய ஒரு கடைக்கு அப்பாவைக் கூட்டிப் போனேன். மூன்று கிண்ணம் வந்தது, மூன்றும் ஒரே சிவப்பு, ஒரே காரம். அப்பா ஒன்றும் சொல்லாமல் மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டார். எனக்கு அன்று முழுக்க மனது சரியில்லை. இலை எண்ணிச் சமைக்கும் இடத்தில் ஒவ்வொரு பதார்த்தமும் தனி அடுப்பில் தனியாகத் தொடங்குகிறது. மிளகு போடுவதற்கு மிளகு, வரமிளகாய் போடுவதற்கு வரமிளகாய். நாம் கொடுக்கும் பணம் அந்தத் தனித்தனி உழைப்புக்குத்தான் போகிறது.

அம்மாவுக்கு அன்று முழங்கால் வலி, வரவில்லை. நானும் அப்பாவும் மட்டும் போனோம். மரநிழல், நீண்ட வராந்தா, பெரிய சத்தம் இல்லாத கூடம். மேசையில் வாழை இலை போட்டிருந்தது. அப்பா முதலில் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார். பரிமாற வந்தவர் வயதானவர். அவரைக் கண்டதும் அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். "உக்காருங்கய்யா, மெதுவா சாப்பிடுங்க" என்றார் அவர். அதற்கப்புறம்தான் அப்பா நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லப் போவதில்லை. மண்டியை மட்டும் சொல்கிறேன். வெண்டைக்காய் மண்டி தெரியாதவர்களுக்கு: அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய் எல்லாம் வெண்டைக்காயோடு வதக்கிக் கொதிக்கவிடுவது. முதல் தண்ணீரில் தூசி இருக்கும், அதைக் கொட்டிவிட வேண்டும். இரண்டாவது தண்ணீரில்தான் அந்த லேசான கொழகொழப்பு கிடைக்கும். வீசி எறியும் தண்ணீரிலிருந்து ஒரு குழம்பு, அதுவும் கோட்டை மாதிரி வீடு கட்டியவர்களின் சமையலில்! அப்பா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். "மாவு கரைச்சு ஊத்தல. களைஞ்ச தண்ணிதான்" என்றார். சோறு போட்டுக்கொள்ளாமல் வெறும் மண்டியையே இரண்டு முறை கேட்டு வாங்கினார்.

உப்புக்கறியும் அப்படித்தான். ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், உப்பு. மசாலாப் பொடி கிடையாது. கறியின் ருசி மறையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு. செட்டிநாட்டுச் சமையல் என்றால் கல்பாசியும் அன்னாசிப்பூவும் மராட்டி மொக்கும் அள்ளிப் போட்ட காரம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த ஒரு கறியைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இனிப்புக்குக் கவுனி அரிசி. பர்மாவில் தொழில் செய்த நகரத்தார் அங்கிருந்து கொண்டுவந்த கறுப்பரிசி இது. இரவே ஊறவைத்து, குழைய வேகவைத்து, சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய் சேர்ப்பார்கள். கல்யாண வீட்டில் இதைக் கிளறிக் கிளறித் தோள்பட்டை இறங்கிப் போகும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர் ஒரு வாய் எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையை இலையிலேயே வைத்திருந்தார். "சூடா இருக்கும்போது இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாது" என்றார். அத்தனை வருடம் கிளறியவர். கடைசியில் ஆறிப்போன மிச்சத்தையே சாப்பிட்டிருக்கிறார். அந்த வார்த்தையைக் கேட்டபின் என் இலையில் இருந்ததை என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

நாங்கள் போனபோது ஒரு இலைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. எங்கள் வீட்டுக் கணக்கில் அது பெரிய தொகைதான். இருந்தாலும் மாநகரத்து நட்சத்திர ஓட்டலில் இதைவிட அதிகம் கொடுத்து, யார் சமைத்தார்கள் என்றே தெரியாமல் சாப்பிட்டு வருவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போவதாக இருந்தால் காலையில் பலகாரத்தைக் குறைத்துக்கொண்டு போங்கள். மதியம் அவசரமில்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் பூப்போட்ட தரைக்கல் செய்வதைப் பார்க்கப் போகலாம் என்று திட்டம் போட்டால் இரண்டும் அரைகுறையாகும்.

சாப்பிட்டு முடித்ததும் சமையற்கட்டைப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். சரி என்றார்கள். அப்பா உள்ளே போனவர் முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தால், அங்கே இருந்த பெரியவரோடு வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு படி பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன்மேல் நிற்கிற அளவுக்கு உளுந்தைக் கோபுரமாகக் கொட்டுவது. இருவரும் கையாலேயே அந்தக் கோபுரத்தைக் காற்றில் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே மேஸ்திரியிடம் இருவரும் வெவ்வேறு காலத்தில் வேலை பார்த்திருக்கிறார்கள் என்று அப்புறம் தெரிந்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். புதுக்கோட்டை நெருங்கும் வரை பேசவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"தம்பி, அடுத்த தடவை போன் பண்ணும்போது மூணு இலைன்னு சொல்லு. உங்கம்மாவையும் கூட்டிட்டுப் போயிருவோம்."