இலஸ்ட்ரேட்டரில் ஆறு லேயர், கோரல்ட்ரோவில் ஒன்று

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: இல்ல விளையாட்டுப் போட்டிக்கான ரீசேர்ட்டுக்கு, மட்டக்களப்பின் கல்லடிப் பாலமும் பாடும் மீனும் வாவி அலைகளும் சேர்ந்த வட்டச் சின்னம் ஒன்றை இலஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் ஆறு லேயர்களாக (ஒன்றன்மேல் ஒன்றான அடுக்குகளாக) வரைந்து, கல்முனையில் ஸ்கிரீன் பிரிண்டிங் (திரை அச்சு) செய்பவருக்கு அனுப்பினேன். அவர் கோரல்ட்ரோ என்ற வேறொரு வரைகலை மென்பொருளில் திறந்தபோது அனைத்தும் ஒரே லேயரில் துண்டு துண்டாகக் கிடந்தன. கறுப்புத் துணியில் மூன்று நிறங்களும் அவற்றுக்கு அடியில் வெள்ளையும் அடிக்க வேண்டும். லேயர் கலையாமல் அனுப்புவது எப்படி?

2000ஆம் ஆண்டில் வெளியான 9ஆம் பதிப்பிலிருந்து இலஸ்ட்ரேட்டர் தனது ஏஐ (AI) கோப்பைப் பீடிஎப் (PDF) அடிப்படையில் எழுதி வருகிறது. வழக்கமாகச் சேமிக்கும் கோப்புக்குள் உங்கள் படம் இரண்டு முறை இருக்கிறது: இலஸ்ட்ரேட்டர் மட்டும் வாசிக்கும் தனிப் பகுதி ஒன்று, பிற மென்பொருள்கள் வாசிக்கும் பீடிஎப் பகுதி மற்றொன்று. லேயர், குழு, அவற்றின் பெயர் என்பனவெல்லாம் முழுமையாக இருப்பது முதலாவதில்தான். பீடிஎப் பகுதிக்குப் பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்பதே முக்கியம். பாலத்தின் இரும்புச் சட்டங்கள் ஒவ்வொன்றும் அங்கே தனிக் கோடாகப் பதிவாகும், அவையெல்லாம் சேர்ந்து ஒரு பாலம் என்ற தகவல் பதிவாகாது. கல்முனையில் அவர் கண்ட துண்டுகள் அங்கிருந்து வந்தவையே. சேமிக்கும்போது ‘கிரியேட் பீடிஎப் கம்பாட்டிபிள் ஃபைல்’ என்ற தெரிவை எடுத்துவிட்டிருந்தால் அந்தத் துண்டுகள்கூடக் கிடைத்திருக்காது. ஓர் அறிவிப்புப் பக்கம் மட்டுமே தெரிந்திருக்கும்.

எந்த வடிவத்தில் அனுப்புவது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை, ஏனெனில் ஒவ்வொன்றும் ஒன்றைக் காத்து மற்றொன்றை விட்டுவிடுகிறது. பீடிஎப் 1.5 முதல் லேயர்களைப் பதியும் வசதி இருக்கிறது. இலஸ்ட்ரேட்டரில் அதற்கான தெரிவு ‘கிரியேட் அக்ரோபட் லேயர்ஸ்’ என்று தொடங்கும். பீடிஎப் வாசிக்கும் மென்பொருளான அக்ரோபட்டில் அவை அழகாகத் தெரியும். வரைகலை மென்பொருள் ஒன்று அவற்றைத் தன் லேயர்களாக ஏற்குமா என்பது அந்த மென்பொருளையும் அதன் பதிப்பையும் பொறுத்தது. இணையத்தில் பயன்படும் எஸ்விஜி (SVG) வடிவத்தில் லேயர் என்ற கருத்தே இல்லை, குழு மட்டுமே உண்டு. ஆகவே உங்கள் லேயர்கள் பெயரிட்ட குழுக்களாக அங்கே போய்ச் சேரும். இணையதளத்துக்கோ இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளுக்கோ அனுப்புவதாயின் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் எஸ்விஜி நிறங்களைக் கணினித் திரைக்குரிய ஆர்ஜிபியாக (RGB) எழுதுவதால், ஸ்பாட் நிறங்களை (ஒவ்வொன்றும் தனி மையால் அடிக்கப்படும் நிறங்களை) நம்பியிருக்கும் அச்சு வேலைக்கு அது உதவாது.

உங்கள் வேலைக்குப் பொருந்துவது சற்றுப் பழைய வழி. ‘சேவ் ஏஸ்’ கொடுத்து ஏஐ வடிவத்தைத் தெரிவுசெய்த பின் வரும் பெட்டியில், பதிப்பை ‘இலஸ்ட்ரேட்டர் 8’ என மாற்றி ஒரு தனிப் பிரதி எடுங்கள். பீடிஎப் அடிப்படைக்கு மாறுவதற்கு முந்திய வடிவம் என்பதால், லேயரும் குழுவும் ஸ்பாட் நிறமும் அந்தக் கோப்பின் உடலிலேயே எழுதப்படுகின்றன. ஒளிபுகும் தன்மை அந்தப் பதிப்பில் கிடையாது. நிழலும் மங்கலும் உள்ள சுவரொட்டிக்கு அது பெரிய இழப்பு. தட்டையான நிறங்களால் ஆன ரீசேர்ட் சின்னத்துக்கு இழப்பே இல்லை. மூலக் கோப்பின் மேல் மட்டும் சேமித்துவிட வேண்டாம்.

அதற்கு முன் இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும். தமிழ் எழுத்துகளை ‘கிரியேட் அவுட்லைன்ஸ்’ மூலம் கோடாக மாற்றிவிடுங்கள். பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்திருப்பவை. எதிர்ப்பக்கக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் இல்லத்தின் பெயர் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். யூனிகோட் எழுத்துருவாக இருந்தாலும் 8ஆம் பதிப்பின் வடிவம் அதைத் தாங்காது. அடுத்து, ஒவ்வொரு லேயரிலும் உள்ளவற்றை ஒரே குழுவாக்குங்கள். லேயர் தொலைந்தாலும் குழு மிஞ்சினால், கோரல்ட்ரோவில் ஆறு புதிய லேயர்களை உருவாக்கி ஆறு குழுக்களையும் இழுத்துவிடுவது சில நிமிட வேலை. இங்கே பலர் தவறுவதைப் பார்த்திருக்கிறேன்: வெவ்வேறு லேயர்களில் உள்ள பொருள்களை ஒன்றாகத் தெரிவுசெய்து குழுவாக்கினால், இலஸ்ட்ரேட்டர் அவை அனைத்தையும் மேலேயுள்ள லேயருக்கு நகர்த்திவிடும். மீனையும் அலையையும் சேர்த்துக் குழுவாக்கினால் அலை லேயர் வெறுமையாகும். ஆகவே லேயர் பலகத்தில் ஒரு லேயரின் வலப்பக்க ஓரத்தில் சொடுக்கி, அதில் உள்ளவற்றை மட்டும் தெரிவுசெய்து குழுவாக்கி, பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

இவ்வளவும் சொன்ன பின், கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. திரை அச்சில் ஒவ்வொரு மைக்கும் தனியே எடுக்கும் பிலிம் லேயரைப் பார்த்துப் பிரிவதில்லை, மையைப் பார்த்தே பிரிகிறது. ஆறு லேயர்களும் கலையாமல் போய்ச் சேர்ந்தாலும், நிறங்கள் சிஎம்வைகே (சயன், மெஜெந்தா, மஞ்சள், கறுப்பு) கலவையாக இருந்தால் நிறப்பிரிப்பில், அதாவது படத்தை மைவாரியாகப் பிரிக்கும்போது, கிடைப்பவை அந்த நான்கு மைகளுக்கான பிலிம்களே. ஆகவே நீலம், மஞ்சள், சிவப்பு, அடி வெள்ளை ஆகிய நான்கையும் தனித்தனி ஸ்பாட் நிறங்களாக வரையறுத்து, ஆங்கில எழுத்தில் எளிய பெயரிடுங்கள். பீடிஎப் கோப்பும் இந்தப் பெயர்களைச் சுமந்து செல்லும் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க அதில் ஒரு பிரதியையும் சேர்த்து அனுப்பலாம்.

அடி வெள்ளையில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் அமர்ந்தால், நிறப்பிரிப்பின்போது கீழுள்ள நிறம் அந்த இடத்தில் வெட்டி எடுக்கப்படும். மஞ்சள் மீனுக்கு அடியில் நீங்கள் வைத்த வெள்ளை, பிலிமில் மீன் வடிவ ஓட்டையாகிவிடும். கறுப்புத் துணியில் மஞ்சள் மை வெள்ளையின்றி நேரே விழுந்து மங்கிப்போகும். வெள்ளைக்கு மேலே வரும் ஒவ்வொரு பொருளையும் தெரிவுசெய்து, ‘அட்ரிபியூட்ஸ்’ பலகத்தில் ‘ஓவர்பிரிண்ட் ஃபில்’ (கீழுள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அடிக்கும் தெரிவு) இட்டுவிடுங்கள். கோரல்ட்ரோவிலும் இதே பெயரில் அந்த வசதி உண்டு. கல்முனையில் பிலிம் எடுப்பதற்கு முன், அச்சு முன்னோட்டத்தில் வெள்ளை மைக்குரிய பிலிமை மட்டும் திறந்து, மீன் முழுதாக நிரம்பியிருக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.