காஸ் சிலிண்டர்: பெரியதா, சின்னதா?

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: “வீட்டில் நானும் வயதான அம்மாவும்தான். 12.5 கிலோ சிலிண்டரை எங்களால் அசைக்க முடியவில்லை. 5 கிலோவுக்கு மாறலாமா என்று கேட்டால், சின்னது வாங்கினால் நட்டம் என்கிறார் வீட்டுக்குக் கொண்டுவந்து தருபவர். உண்மையா?”

நட்டம்தான், சின்னது ஒன்றுக்கு ஆறு ரூபா. 2024 ஜூலையில் லிட்ரோ காஸ் நிறுவனம் அறிவித்த கொழும்பு விலையை வைத்துப் பாருங்கள். 12.5 கிலோ 3,690 ரூபா, 5 கிலோ 1,482 ரூபா. வகுத்தால் பெரியதில் கிலோ 295 ரூபா 20 சதம், சின்னதில் 296 ரூபா 40 சதம். இதற்காகவா நாரியை முறித்துக்கொள்வது? பெரியதை ஒரே தடவையில் இறக்கிவிட்டுப் போவது அவருக்கு வசதி, அவ்வளவுதான். உங்களுக்குக் காசு போகக்கூடிய இடம் ஏற்றுக்கூலி. பெரியது ஒன்றுக்குச் சின்னது இரண்டரை என்பதால் கூலியும் அத்தனை தடவை. கடை பக்கத்தில் என்றால் அதுவும் இல்லை. மாறுங்கள்.

மாறும்போதுதான் கவனம் வேண்டும். “பழைய சிலிண்டரைத் தாங்கோ, நான் மாத்தித் தாறன்” என்று ஒருவர் வருவார். கொடுக்காதீர்கள். வெறும் சிலிண்டருக்கும் விலை இருக்கிறது, பெரியதற்கு இன்னும் அதிகம். அதை வாங்கிக்கொண்டு சின்னதற்கும் காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது நிறை. சீல் இருக்கிறது என்று நம்பி எடுக்காதீர்கள். நிறுவைப் பரிசோதனை வேலையில் இருந்த காலத்தில், சீல் குலையாமலே நிறை குறைந்த சிலிண்டர்களைக் கண்டவன் நான். வெறும் சிலிண்டரின் நிறை அதிலேயே எழுதியிருக்கும். 6.4 என்று இருந்தால் தராசு 11.4 காட்ட வேண்டும். “தராசு பழுது” என்றால் அடுத்த கடைக்கு நடங்கள்.

ஒரேயொரு இடத்தில் சின்னது காலை வாரும். திவசத்துக்குப் பெரிய அடுப்பில் கிடாரம் வைத்தீர்கள் என்று வையுங்கள். உள்ளே திரவமாக இருக்கும் காஸ் ஆவியாகித்தான் அடுப்புக்கு வருகிறது. ஆவியாகும்போது சிலிண்டர் குளிர்ந்துவிடும். சின்னதில் திரவம் கொஞ்சம்தான் என்பதால் சீக்கிரம் குளிரும், வெளியே வியர்க்கும், சுவாலை சோரும். முடிந்துவிட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள், உள்ளே காஸ் மிச்சம் இருக்கும்! அடுப்பை நிறுத்தி ஆறவிடுங்கள், திரும்ப எரியும். சுடுதண்ணீர் ஊற்றுவது, நெருப்புக்குப் பக்கத்தில் வைப்பது, இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம். அன்றைக்கு மட்டும் பெரியது ஒன்றை இரவல் வாங்குங்கள். இரண்டு பேரின் சோறு கறிக்கு இந்தப் பிரச்சினை வராது.

விலை பற்றி ஒன்று. பத்திரிகையில் வருவது பெரும்பாலும் கொழும்பு விலை. யாழ்ப்பாணத்துக்குப் போக்குவரத்துச் செலவு சேர்ந்த வேறு விலை. அந்தப் பட்டியலைக் கடைச் சுவரில் தொங்கவிட என்ன கஷ்டமோ! கூட எடுத்துவிட்டார்கள் என்று முறையிடப் போனால் பில் எங்கே என்பார்கள். பில் தராததுதானே முறைப்பாடே! ஆகவே காசு கொடுக்கும் முன்பே பில் கேளுங்கள், நிறுத்த நிறையையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.