ஜாக்சனின் சாய்வுக் காலணி: காப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கிறதா?

மைக்கேல் ஜாக்சன் மேடையில் உடலை முன்னால் சாய்த்து நிற்க உதவிய காலணியைப் போல ஒன்றை நாமும் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் செய்யலாம். அதற்கான ஜாக்சனின் அமெரிக்கக் காப்புரிமை (எண் 5,255,452) எப்போதோ காலாவதி.

கூகுளின் காப்புரிமைத் தேடல் தளமான கூகுள் பேட்டண்ட்ஸில் உங்களைக் குழப்பிய 'கட்டணம் தொடர்பான காலாவதி' என்பதன் பொருள் இதுதான்: 1993 அக்டோபரில் கிடைத்த உரிமைக்குக் கடைசிப் பராமரிப்புக் கட்டணம் (உரிமையைத் தக்கவைக்கக் கட்டுவது) கட்டவில்லை, 2005இல் போய்விட்டது. கட்டியிருந்தாலும், 1992இல் விண்ணப்பித்ததிலிருந்து 20 வருடம் 2012இல் முடிந்திருக்கும்.

ஆனால் கூகுள் காட்டும் நிலை வெறும் அனுமானம். அந்தப் பக்கத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பேட்டண்ட் சென்டர் இணையதளத்தில் எண்ணைத் தட்டிப் பாருங்கள்.

குதிகால் பள்ளத்தை மேடை முளையில் மாட்டும் அடிப்படை உத்திதான் பொதுச்சொத்து. பிறகு யாராவது பதிந்த மேம்பாடுகள் தனி. அப்புறம், விற்பதாக இருந்தால் பெட்டியில் ஜாக்சன் பெயரோ படமோ வேண்டாம், அது வேறு சட்டம். முளை கழன்றால் ஆடுபவர் முகங்குப்புற விழுவார், அதையும் யோசியுங்கள்.