பழைய டெர்மினல் ஸ்கிரீன்சேவர்: கேட்டதும் சொன்னதும்

பழைய டெர்மினல் திரையில்போல எழுத்து ஓடவிடும் 'பாஸ்ஃபர்' ஸ்கிரீன்சேவர் பற்றியும், அது நடித்துக்காட்டும் பழைய டெர்மினல்கள் (தூரத்துக் கணினியோடு இணைந்து எழுத்து மட்டும் காட்டிய திரையும் விசைப்பலகையும்) பற்றியும் கேளுங்கள் என்றேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சேர்த்தும் சில திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன, நான் என்ன செய்ய.

கேள்வி: பாஸ்ஃபர் எங்கே கிடைக்கும்? காசு உண்டா?

இலவசம். நெட்ஸ்கேப் என்ற பழைய இணைய உலாவியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேமி சவின்ஸ்கி 1992 முதல் வெளியிட்டுவரும் எக்ஸ்ஸ்கிரீன்சேவர் தொகுப்பில் அதுவும் ஒன்று. லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். லினக்ஸில் நீங்கள் வைத்திருக்கும் வினியோகத்தின் பொதி மேலாளரிலேயே (நிரல்களை நிறுவித்தரும் நிரல்) தேடுங்கள். சிலவற்றில் கூடுதல் பொதியில் ஒளிந்திருக்கும்.

கேள்வி: விண்டோஸுக்கு இல்லையா அண்ணா? ஒரு தளத்தில் .எஸ்சிஆர் கோப்பு கிடைக்கிறது.

தொடாதீர்கள். விண்டோஸுக்கு அதிகாரபூர்வ வெளியீடே கிடையாது. அப்புறம், .எஸ்சிஆர் என்பது படக்கோப்பு அல்ல. பெயர் மாற்றிய .எக்ஸ்இ தான் அது. இரட்டைச் சொடுக்கு சொடுக்கினால் எந்த நிரலையும்போல ஓடும், நினைத்ததையெல்லாம் செய்யும். வைரஸ் அனுப்புகிறவர்களுக்கு நெடுங்காலமாகப் பிடித்த வேடம் இது.

கேள்வி: பாஸ்ஃபரில் அழிந்த எழுத்து உடனே போகாமல் மங்கி மங்கி மறைகிறதே, அது அழகுக்காகவா?

நல்ல கேள்வி, இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பழைய படக்குழாயின் உள்பக்கம் பாஸ்ஃபர் பூச்சு இருக்கும். எலக்ட்ரான் கற்றை பட்டதும் ஒளிரும், கற்றை நகர்ந்ததும் மங்கும். எவ்வளவு நேரத்தில் மங்கும் என்பது பூச்சைப் பொறுத்தது. 1981இல் வந்த ஐபிஎம் 5151 திரையில் பி39 என்ற பச்சைப் பூச்சு. சாவகாசமாக மங்கும் ரகம். அந்தத் திரை வினாடிக்கு 50 முறைதான் புதுப்பிக்கப்பட்டது. சீக்கிரம் மங்கும் பூச்சாக இருந்திருந்தால் திரை படபடவென்று துடித்துக் கண்ணைப் பிடுங்கியிருக்கும். மெதுவாக மங்கியதால் துடிப்பு தெரியவில்லை. அதற்குக் கொடுத்த விலை, வரிகள் மேலே நகரும்போது பழைய வரியின் ஆவி ஒன்று அதே இடத்தில் நின்றுவிட்டுப் போகும்.

பாஸ்ஃபரில் ஒரு வரி முடிந்து கர்சர் அடுத்த வரிக்குத் தாவும் நொடியைப் பாருங்கள். விட்டுவந்த இடத்தில் மங்கலாக ஒரு கட்டம் தங்கி, படிப்படியாகக் கரையும். கீழ்வரி நிறைந்து திரை ஒருபடி ஏறும்போது எல்லா எழுத்துக்கும் அதே கதை. போலச் செய்கிற மற்ற பல நிரல்கள் பச்சை நிறத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. இது பூச்சின் குணத்தைப் பிடித்திருக்கிறது. மங்கும் வேகத்தை அமைப்பில் கூட்டிக் குறைக்கலாம்.

கேள்வி: விடி100 மாதிரியே பச்சையாக வைப்பது எப்படி?

நிறத்தை மாற்றலாம். ஆனால் 1978இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட விடி100 டெர்மினலின் எழுத்து பச்சை அல்ல. வெள்ளை.

கேள்வி: விடி100 வெள்ளையா! எங்கள் கல்லூரி லேபில் பச்சையாகத்தான் இருந்தது. கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

பார்த்திருப்பீர்கள் சார், மறுக்கவில்லை. அது விடி100 தானா என்பதுதான் கேள்வி. 1983இல் வந்த விடி220 வெள்ளை, பச்சை, ஆம்பர் (மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம்) மூன்றிலும் கிடைத்தது. விடி100 கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் மற்ற நிறுவன டெர்மினல்களும் ஏராளம். எல்லாவற்றையும் லேபில் 'விடி100' என்றே சொல்லிப் பழகியிருப்பார்கள். சிலர் திரைக்கு முன்னால் பச்சைக் கண்ணாடி வடிகட்டியும் மாட்டிவைத்தார்கள்.

கேள்வி: விண்டோஸ் 11இல் ஓடுமா?

மேலே பாருங்கள்.

கேள்வி: பச்சைக்காரர் சொல்வதை விடுங்கள். ஆம்பர்தான் கண்ணுக்கு நல்லது, நிபுணர்களே சொன்னார்கள்.

ஆம்பர் கட்சியும் வந்தாயிற்றா, சரி. பிரகாசமும் அறை வெளிச்சமும் சரியாக இருந்தால் மூன்றுமே வேலைக்கு ஆகும். எனக்கு ஆம்பர் பிடிக்கும், அது ருசி, ஆதாரம் அல்ல.

கேள்வி: (பச்சைக் கட்சி நண்பர் மறுபடி) அப்படியானால் படங்களில் ஏன் எல்லாம் பச்சையாக வருகிறது?

பச்சை என்றால் பார்ப்பவருக்கு உடனே 'பழைய கணினி' என்று எட்டிவிடுகிறது, அதனால். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நிறத்தை விட்டு வேகத்தைப் பாருங்கள், டெர்மினலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 80 எழுத்து, 24 வரி, மொத்தம் 1920 எழுத்து. வினாடிக்கு 300 பிட் தொலைபேசி மோடத்தில், ஓர் எழுத்துக்கு முன்பின் அடையாளங்களோடு 10 பிட் வைத்தால் வினாடிக்கு 30 எழுத்து. திரை நிறைய 64 வினாடி! 9600 பிட் கம்பி இணைப்பில் அதே திரை 2 வினாடியில் நிறையும். ஆக, எழுத்து சொட்டுவதா கொட்டுவதா என்பதை வைத்தே டெர்மினல் தொலைபேசியில் தொங்குகிறதா, கணினி அறையில் கம்பியில் இணைந்திருக்கிறதா என்று ஊகிக்கலாம். பத்திபத்தியாக ஒரே நொடியில் வந்து விழும் 'பழைய டெர்மினல்' எந்த நிறத்தில் இருந்தாலும் பொய்.

கேள்வி: கிடைக்கோடுகள் போட்டுத் திரையை வளைத்துக் காட்டும் நிரல்கள் உண்மையானவையா?

பாதி உண்மை. விடி100இல் ஒரு வரிக்கு 10 கோடு, 24 வரிக்கு 240 கோடு. கிட்டே போனால் இடைவெளி தெரியும். ஆனால் கோடெல்லாம் நடுங்குவதும், திரை மீன்தொட்டிபோல் உப்புவதும், அவ்வப்போது மின்னி வெட்டுவதும் ரிப்பேருக்குப் போகவேண்டிய டெர்மினலின் லட்சணம்.

கேள்வி: திருக்குறளைத் தமிழில் ஓடவிட முடியுமா?

பாஸ்ஃபரில் முடியாது. இந்த வகை டெர்மினலில் திரை என்பது கட்டங்கள், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, எல்லாக் கட்டமும் ஒரே அகலம். 'கொ' என்று எழுத ககரத்தின் இடப்பக்கம் ஒரு கொம்பு, வலப்பக்கம் ஒரு கால் வேண்டும். 'ணை'யின் அகலம் 'ர'வுக்கு எப்படி ஆகும்? இந்திய எழுத்துகளுக்காக, அரசின் கணினி ஆய்வு நிறுவனமான புனே சி-டாக் 'ஜிஸ்ட்' என்ற பெயரில் கணினிக்குள் செருகும் தனி அட்டைகளே செய்யவேண்டி வந்தது. ஆங்கிலக் குறிப்புகளை ஓடவிடுங்கள். கோப்பிலிருந்தோ வேறொரு நிரலின் வெளியீட்டிலிருந்தோ எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: ஓலெட் திரையில் போடலாமா?

வேண்டாம். இதைத் தடித்த எழுத்தில் போடவேண்டும். படக்குழாயில் ஒரே எழுத்து நாள்கணக்கில் நின்றால் பூச்சு தேய்ந்து தழும்பு விழும் என்றுதான் ஸ்கிரீன்சேவரே பிறந்தது. 1983 டிசம்பரில் ஜான் சோக்கா 'சாஃப்டாக்' இதழில் வெளியிட்ட நிரல், மூன்று நிமிடம் விசை தொடாவிட்டால் திரையை அணைத்துவிடும், அவ்வளவுதான். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட்டிலும் தழும்பு விழும். ஒரே நிறத்தில், ஒரே கட்டங்களில் எழுத்து ஓட்டினால் அந்தப் புள்ளிகள் மட்டும் மற்றவற்றுக்கு முன்னே தேயும். காப்பாற்ற வந்தவனே கன்னம் வைத்த கதையாகும். அங்கே திரையை அணைப்பதுதான் ஸ்கிரீன்சேவர்.

கேள்வி: கடவுச்சொல் பூட்டும் இதிலேயே வைக்கலாமா?

வேலாண்டு (லினக்ஸில் திரையைக் கையாளும் புதிய முறை) பயன்படுத்துகிறீர்கள் என்றால் உங்கள் டெஸ்க்டாப்பின் சொந்தப் பூட்டையே நம்புங்கள்.

கேள்வி: ஆப்பிள் 2 போல ஒன்று உண்டா?

அதே தொகுப்பில் உண்டு, டிரெவர் பிளாக்வெல் எழுதியது. பழைய டிவிக்குப் போகும் சிக்னலையே கணக்கிட்டு வரைவதால் எழுத்தோரத்தில் நிறம் கசிவதுகூட வரும். ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஒரு தளத்தில் பாஸ்ஃபர்.எஸ்சிஆர்...

வேண்டாம்!

கேள்வி: விடி100 விசைகள் 'டிக்' என்று ஒலிக்குமாமே, அது வருமா?

வராது, பாஸ்ஃபர் ஊமை. அந்த ஒலியும் விசை தானாக எழுப்பியது அல்ல. விசைப்பலகைக்குள் ஒரு குட்டி ஒலிபெருக்கி இருந்தது. விசையை அழுத்தினால் டெர்மினல் அதில் 'டிக்' போடும், மணியும் அதிலேதான் அடிக்கும். பிடிக்காதவர்கள் செட்-அப் திரைக்குப் போய் அணைத்துவிடலாம்.